பரண் சாமான்

சென்ற மாதம் ஒரு சிற்றூர் நூலகத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை வகிக்கப் போயிருந்தேன். கதை எழுதுகிறவனைத் தலைமைக்கு அழைப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. எந்த விஷயத்தைப் பற்றிய கூட்டமானாலும் அவன் நாலு வார்த்தை சொல்லிவிட்டு, மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைய முக்கியப் பேச்சாளர் நல்ல குரல்வளம் உள்ளவர். விஞ்ஞானமும் சிருஷ்டி ரகசியமும் என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். "நம் உடம்பில் முந்நூறு கோடி எழுத்துக்கள் கொண்ட ஒரு ஏடு இருக்கிறது. அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு கூட வேலை செய்யவில்லை, மற்றதெல்லாம் குப்பை என்று மேல்நாட்டு விஞ்ஞானிகள் ஐம்பது வருஷமாகச் சொல்லி வந்தார்கள். இப்போது அவர்களே வெட்கப்பட்டு அதை வாபஸ் வாங்கிக்கொண்டுவிட்டார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பயன் உண்டென்று நிரூபணமாகிவிட்டது. சிருஷ்டியில் வீண் என்பதே கிடையாது!" என்று முடித்தார். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. நானும்தான் தட்டினேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு கல்லூரி மாணவி அருகில் வந்தாள். விலங்கியல் படிக்கிறவளாம். "சார், அவர் சொன்னது எங்கள் புத்தகத்தில் இருப்பதற்கு நேர்மாறாக இருக்கிறதே, நீங்களும் கைதட்டினீர்களே, அது சரிதானா?" என்று கேட்டாள். "படித்துப் பார்த்துச் சொல்கிறேன், அம்மா" என்று தப்பித்து வந்துவிட்டேன். ஒரு மாத காலம் படித்துப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அவளுக்கு நான் கொடுக்க வேண்டிய பதில்.

முதலில் அந்த ஏட்டில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். உடம்பைக் கட்டுகிற புரதங்களுக்கான வாசகம், பேச்சாளர் சொன்னபடியே, நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவுதான். ஆனால் ஏட்டில் ஏறக்குறைய பாதி, திரும்பத் திரும்ப வரும் ஒரே வாசகங்கள். ஆலு என்று பெயரிட்ட ஒரு துணுக்கு சுமார் 300 எழுத்து நீளம். அது நம் ஏட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. லைன்-1 என்ற இன்னொன்று, முழுசாக இருந்தால் 6,000 எழுத்து. முழுசும் முறிந்ததுமாக அது ஐந்து லட்சம் இடங்களில் கிடக்கிறது. பழைய வைரஸ்களின் மிச்ச சொச்சம் மட்டும் நூற்றுக்கு எட்டுப் பங்கு. நான் ஒரு நாவலை அச்சுக்குக் கொடுத்து, புரூப் இப்படி வந்தால் அச்சுக்கோப்பவரின் வேலை போய்விடும்.

இது புதிய சேதியும் அல்ல. 1968ஆம் வருஷம் அமெரிக்காவில் பிரிட்டன், கோன் என்ற இருவர் இதை வெகு சாமர்த்தியமாகக் கண்டுபிடித்தார்கள். டி.என்.ஏ. இரட்டைப் புரி அல்லவா? அதைத் துண்டு துண்டாக்கிச் சுடவைத்தால் புரிகள் பிரிந்துவிடும். ஆற விட்டால் தத்தம் ஜோடியைத் தேடி மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் பிரிந்துபோன புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க வெகு நேரமாகும். கூட்டத்தில் ஒரே முகஜாடையுள்ள ஜோடிகள் லட்சக்கணக்கில் இருந்து, யாரோடு வேண்டுமானாலும் சேரலாம் என்றிருந்தால் ஒரு நிமிஷம் போதும். சுண்டெலியின் டி.என்.ஏ.யில் பத்தில் ஒரு பங்கு இப்படிக் கண்மூடித் திறப்பதற்குள் ஜோடி சேர்ந்துவிட்டது. ஒரே குட்டி வாசகம் ஏறக்குறைய பத்து லட்சம் பிரதிகள் இருந்ததுதான் காரணம்.

இவை எதற்காக? பேச்சாளர் உடனே பதில் சொல்லிவிட்டார்: நம்மைப் போன்ற உயர்ந்த பிறவியை உண்டாக்க அத்தனையும் தேவையாம். அப்படியானால் வெங்காயத்தை என்ன செய்வது? வெங்காயத்தின் ஏடு நம்முடையதைப் போல ஐந்து மடங்கு. சாம்பாரில் போடுகிற வெங்காயத்துக்கு நம்மைவிட ஐந்து மடங்கு ரகசியம் என்னத்திற்கு? கனடா நாட்டு உயிரியல் அறிஞர் ரயன் கிரெகரி 2007ல் இதே கேள்வியை ஒரு பரீட்சையாகவே வைத்தார். எல்லாம் பயனுள்ளவை என்று சொல்கிறவர் முதலில் வெங்காயத்துக்குப் பதில் சொல்லட்டும் என்றார்.

வெங்காயம் தாவரம், அதை விடுங்கள் என்றால் மீனுக்கு வருவோம். நம் கடற்கரையில் பேத்தை என்று சொல்லுகிற மீனின் ஜாதியைச் சேர்ந்தது, ஜப்பான்காரர்கள் விஷத்தையும் பொருட்படுத்தாமல் ருசித்துத் தின்னும் ஃபுகு. அதன் ஏடு 2002ல் படிக்கப்பட்டது. எழுத்துக்கள் சுமார் 40 கோடி, நம்முடையதில் எட்டில் ஒரு பங்கு. மரபணுக்களோ ஏறக்குறைய நம்மிடம் உள்ள அளவு. முதுகெலும்பு, கண், மூளை, ஈரல் எல்லாம் அந்தச் சிக்கனத்துக்குள்ளேயே அடங்கிவிட்டன. இன்னொரு மீன், தென் அமெரிக்காவின் சேற்று நீரில் வாழும் நுரையீரல் மீன். அதன் ஏட்டை 2024ல் படித்து முடித்தார்கள். 9,100 கோடி எழுத்துக்கள், நம்மைப்போல 30 மடங்கு! கடந்த பத்துக் கோடி வருஷங்களில், ஒவ்வொரு கோடி வருஷத்துக்கும் ஒரு முழு மனித ஏட்டின் அளவு அதில் கூடிக்கொண்டே வந்திருக்கிறதாம். பெருகியதெல்லாம் பெரும்பாலும் இந்தத் திரும்ப வரும் வாசகங்கள்தாம். ஏட்டின் கனம்தான் பெருமை என்றால், நூலக விழாவுக்குத் தலைமை வகிக்க அந்த மீனைத்தான் அழைத்திருக்க வேண்டும்.

பின் எதற்காகத்தான் இவை இருக்கின்றன என்று நீங்கள் கேட்கலாம். "எதற்காக" என்ற கேள்வியே இந்த இடத்தில் தவறு. "எப்படி வந்தன" என்று கேட்டால் பதில் இருக்கிறது. அவை தம்மைத் தாமே பிரதி எடுத்துக்கொள்ளத் தெரிந்தவை. அதனால் இருக்கின்றன. வேறு காரணம் வேண்டியதில்லை.

ஏட்டில் இடம்விட்டு இடம் தாவும் துணுக்குகள் உண்டென்று பார்பரா மக்ளின்டாக் என்ற அம்மையார் மக்காச்சோள மணிகளின் நிறத்தைப் பார்த்தே 1940களில் கண்டுகொண்டார். அப்போது அதற்குச் செவிகொடுத்தவர்கள் மிகக் குறைவு. 1983ல், 81 வயதில், அவருக்கு நோபல் பரிசு வந்தது. நம் ஏட்டிலுள்ள லைன்-1 தாவுவதற்கு வேண்டிய கருவிகளைச் செய்யும் குறிப்பைத் தன்னிடமே வைத்திருக்கிறது. ஐந்து லட்சத்தில் ஏறக்குறைய நூறு பிரதிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆலுவிடம் அந்தக் கருவிகூடக் கிடையாது. அடுத்த வீட்டு அம்மியில் அரைத்துக்கொள்கிறவர்களைப் போல லைன்-1இன் கருவியைக் கடன் வாங்கியே அது பத்து லட்சமாகப் பெருகியிருக்கிறது.

நம் ஊர்ப் பசுவைப் பாருங்கள். அதன் ஏட்டில் சுமார் கால் பங்கு, பாவ்-பி என்ற துணுக்கும் அதன் வழி வந்தவையும். அந்தத் துணுக்கின் நெருங்கிய உறவினர்கள் பாம்பிலும் பல்லி இனங்களிலும் இருக்கிறார்கள். ஊர்வனவற்றிடமிருந்து எப்போதோ பசுவின் முன்னோருக்குத் தாவியிருக்கிறது. ஊர்வனவற்றைக் கடிக்கும் உண்ணிகளிலும் அது காணப்படுவதால், உண்ணிதான் தூது போயிருக்கும் என்று ஊகிக்கிறார்கள். தாவி வந்தது பசுவுக்கு உபகாரம் செய்ய அல்ல. வந்த இடத்தில் பெருகியது, அவ்வளவுதான்.

1980ல் இங்கிலாந்தின் நேச்சர் பத்திரிகையின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் இதைத்தான் சொல்லின. ஒன்றை எழுதியவர்கள் டூலிட்டிலும் சபியென்சாவும். மற்றதை எழுதியவர்கள் ஆர்கெலும், இரட்டைப் புரியைக் கண்டு சொன்ன அதே கிரிக்கும். ஒன்று இருப்பதற்கு அது பிறருக்குப் பயன்பட வேண்டும் என்ற அவசியமில்லை, தன்னைப் பெருக்கிக்கொண்டால் போதும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

வேண்டாததை இயற்கை கழித்துக் கட்டாதா என்றால், அதன் அரிவாள் அத்தனை கூர்மையானதல்ல. கோடானுகோடியாகப் பெருகும் பாக்டீரியாவில் சின்னஞ்சிறு சுமைகூட ஒரு குறைதான். சுமை உள்ளவை பின்தங்கிப் போகும். அதனால் அதன் ஏடு இடைவெளி இல்லாமல் நெருக்கமாக இருக்கிறது. யானை, குரங்கு, மனிதன் போன்று சிறிய எண்ணிக்கையில் வாழ்ந்து மெதுவாகப் பெருகும் ஜீவன்களில், 300 எழுத்துச் சுமை கூடினாலும் குறைந்தாலும் யாரும் சாவதில்லை. பிள்ளை பெறுவதும் நிற்பதில்லை. ஆகவே அது தங்கிவிடுகிறது.

"குப்பை" என்ற சொல்லும் இங்கே வம்பு செய்கிறது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் 1972ல் எழுதிய கட்டுரையால் அந்த ஆங்கிலச் சொல் பரவியது. நம்மவர்கள் அதைக் குப்பை என்று பெயர்த்துவிட்டார்கள். நோபல் பரிசு பெற்ற சிட்னி பிரென்னர் ஒரு வேற்றுமை சொல்லுவார்: வெளியே எறிவது குப்பை, எறியாமல் வைத்துக்கொண்டிருப்பது வேறு. அந்த வேறுக்கு நம் வீட்டில் நல்ல தமிழ் இருக்கிறது. பரண் சாமான். காலொடிந்த முக்காலி, மூடியில்லாத கூஜா, தாத்தாவின் குடைக்கம்பி. யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை. இறக்கி எறிய யாருக்கும் அவசரமும் இல்லை.

இனி, "நிரூபணமாகிவிட்டது" என்று பேச்சாளர் சொன்ன விஷயம். 2012ல் என்கோட் என்ற பெருந்திட்டத்தில் நானூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கூடி, ஏட்டில் நூற்றுக்கு எண்பது பங்கில் ஏதோ ஒரு ரசாயனச் செயல், ஏதாவது ஒரு வகை உயிரணுவிலாவது நடக்கிறது என்று கண்டு, அதற்குப் பயன் என்றே பெயரும் கொடுத்தார்கள். பத்திரிகைகள் குப்பைக் கொள்கை செத்தது என்று கொட்டை எழுத்தில் போட்டன. பரணில் பூனை நடக்கிற சத்தம் கேட்டால் அங்கே சமையல் நடக்கிறது என்று அர்த்தமா? மறுவருஷமே டான் கிரவுர் முதலியவர்கள் இதைச் சுடச்சுடக் கண்டித்து எழுதினார்கள். 2014ல் அந்தத் திட்டக் குழுவினரில் பலரே சேர்ந்து, ரசாயனச் செயலை மட்டும் கொண்டு பயனை அளந்துவிட முடியாது என்று நிதானமாக விளக்கினார்கள். நம் பேச்சாளருக்கு 2012 தெரிந்திருக்கிறது. 2014 தெரியவில்லை, அல்லது தெரிந்தும் வசதிப்படவில்லை.

பயனைக் கண்டறிய வேறு வழி உண்டு. ஓர் எழுத்து முக்கியமானது என்றால், அது மாறின ஜீவன் கஷ்டப்படும். ஆகவே பல கோடி வருஷமானாலும் அந்த எழுத்து பல பிராணிகளில் மாறாமல் நிற்கும். 2023ல் 240 பாலூட்டிகளின் ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மனித ஏட்டில் இப்படிக் காக்கப்பட்டிருப்பதாகத் தெரிந்தது நூற்றுக்குப் பத்தே முக்கால் பங்கு. இன்னும் கொஞ்சம் கூடலாம். எண்பது ஆகாது.

இன்னொரு கணக்கு. ஒவ்வொரு குழந்தையும் தாய் தந்தையரிடம் இல்லாத அறுபது எழுபது புதிய எழுத்துப் பிழைகளோடு பிறக்கிறது. எல்லா எழுத்தும் முக்கியம் என்றால் எந்தக் குழந்தையும் தேறாது. பிழைகளில் பெரும்பாலானவை பரணில் விழுவதால்தான் நாம் பிழைத்திருக்கிறோம். மேலும், நம் உயிரணுக்கள் இந்தத் தாவும் துணுக்குகளின் வாயைக் கட்டிவைக்க ஓயாமல் பாடுபடுகின்றன. விந்தும் கருமுட்டையும் உண்டாகும் இடங்களில் அதற்கென்றே தனிக் காவல் இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் காவல் எதற்கு?

எதிர்க்கட்சியின் நல்ல வாதத்தையும் மறைக்கக் கூடாது. திரும்ப வருவன எல்லாம் வீண் என்று சொல்கிறவனும் மூடனே. குரோமோசோமின் நுனியில் ஆறே எழுத்து ஆயிரக்கணக்கான தடவை அடுக்கியிருக்கிறது. அது இல்லாவிட்டால் நுனி அரித்துப் போகும். உயிரணு பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கிற இடுப்புப் பகுதியிலும் இப்படிப்பட்ட அடுக்குத்தான். 2000ல் தெரியவந்த இன்னொன்று இதைவிட விந்தை. நஞ்சுக்கொடியில் உயிரணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் சின்சிட்டின் என்ற புரதம், நம் முன்னோரின் ஏட்டில் நுழைந்த ஒரு வைரஸின் சொத்து. தாயின் வயிற்றில் நாம் வளர்ந்ததற்கு அந்தப் பழைய நோய்க்கிருமிக்கும் நன்றி சொல்ல வேண்டும். நம் மூதாதைக் குரங்குகள் வாலை இழந்ததிலும் ஓர் ஆலு புகுந்து கைவரிசை காட்டியிருப்பதாக 2024ல் சுண்டெலிகளை வைத்துச் செய்த சோதனைகள் காட்டுகின்றன.

"பார்த்தீர்களா, பயன் இருக்கிறதே!" என்று குதிக்க வேண்டாம். நம் கிராமங்களில் இடிந்த கோயிலின் கல்வெட்டுக் கல் குளத்தங்கரையில் துவைகல்லாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். வேட்டி நன்றாகத்தான் வெளுக்கிறது. அதற்காக, வேட்டி துவைக்கத்தான் ராஜா கல்வெட்டுப் பொறித்தான் என்று யாராவது சரித்திரம் எழுதினால் சிரிக்க மாட்டோமா? பின்னால் கிடைத்த உபயோகம் வேறு, முன்னால் வந்த காரணம் வேறு. பத்து லட்சம் ஆலுவில் சிலதுக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டதால் பத்து லட்சமும் உத்தியோகஸ்தர்கள் ஆகிவிடாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வீணாக இருப்பதனாலேயே அவை நமக்கு உதவியிருக்கின்றன. லால்ஜி சிங் என்ற நம் நாட்டு விஞ்ஞானி எடின்பரோவில் ஆராய்ச்சி செய்தபோது, உடம்பெல்லாம் பட்டை போட்ட கட்டுவிரியன் இனப் பாம்பிலிருந்து ஒரு துணுக்கைப் பிரித்தெடுத்தார். ஜி-ஏ-டி-ஏ, ஜி-ஏ-டி-ஏ என்று ஜபம் போல ஓடும் வாசகம் அது. மனிதனிலும் அது உண்டு. எத்தனை முறை ஓடுகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். 1984ல் இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரீஸ் வேறொரு துணுக்கைக் கொண்டு ஆளை அடையாளம் காட்டினார். பிறகு ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் இந்தப் பாம்புத் துணுக்கை வைத்தே அந்த வித்தையை வகுத்தார். 1991ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கின் விசாரணையிலும் இந்த முறையைக் கையாண்டார்கள். ஜபம் ஏழு தடவையா பன்னிரண்டு தடவையா என்பது உயிருக்கு முக்கியமாக இருந்திருந்தால் எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கை அல்லவா நின்றிருக்கும்? அது யாருக்கும் பொருட்டில்லை. அதனால்தான் கோர்ட்டில் சாட்சி சொல்கிறது.

இவ்வளவும் வெறும் வித்வான்களின் சண்டையென்றால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். 1988ல் அமெரிக்காவில் கசாசியன் என்ற டாக்டர், ரத்தம் உறையாத ஹீமோபீலியா நோயுள்ள சிறுவர்களைப் பரிசோதித்தார். ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பையன்களிடம், ரத்தத்தை உறையவைக்கும் மரபணுவின் நட்டநடுவில் லைன்-1 துணுக்கு வந்து விழுந்திருந்தது. பெற்றோரிடம் அது இல்லை. புதிதாகத் தாவி, அந்த மரபணுவை முறித்துவிட்டது. ஹன்டிங்டன் நோய் என்று ஒன்று. நடுவயதில் கைகால்கள் வசமிழந்து ஆடும், புத்தி கலங்கும். ஒரு மரபணுவில் மூன்றெழுத்து அடுக்கு 35 தடவை வரை இருந்தால் நோயில்லை. 40 ஆனால் தப்பாது. 1993ல் இது தெரிந்தது. "ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பயன் உண்டு, சிருஷ்டியில் வீண் இல்லை" என்ற வாசகத்தை அந்தப் பையனின் தாயாரிடம் போய்ச் சொல்லும் தைரியம் நம் பேச்சாளருக்கு உண்டா? யார் குற்றமும் இல்லாமல், யார் நோக்கமும் இல்லாமல், ஒரு துணுக்கு தவறான இடத்தில் விழுந்துவிட்டது என்று சொல்வதுதான் உண்மை. அந்தத் தாயாருக்கு அதுவே ஆறுதலாகவும் இருக்கும். பூர்வ பாவத்தையும் ரகசிய நோக்கத்தையும் தேடி அவள் தன்னையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

நாங்கள் ஏன் கைதட்டினோம் என்று யோசித்தேன். தெய்வபக்தி அல்ல. தெய்வம் ஒவ்வோர் எழுத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது பக்தியே அல்ல, மளிகைக்கடைப் புத்தி. நம்மில் எதுவும் தற்செயலாக இருக்கக் கூடாது என்கிற அகந்தைதான் எங்களைக் கைதட்ட வைத்தது.

எங்கள் வீட்டில் விதவையாகிவிட்ட ஓர் அத்தை இருந்தாள். கண் மங்கிய பிறகும் புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டே இருப்பாள். "சும்மா இரேன், அத்தை" என்றால், "சும்மா இருந்தால் சோறு எப்படியடா செமிக்கும்?" என்பாள். செரிமானத்தைப் பற்றிய பேச்சல்ல அது. அவளுக்காகப் பரிந்து பேசியவர்கள்கூட, "பாவம், அவள் இருந்தால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள்" என்றுதான் பேசினார்கள். பயன் எதுவும் சொல்லாமல் அவளை இருக்கவிட யாருக்கும் தோன்றவில்லை. அத்தையை ஒட்டுண்ணித் துணுக்கோடு நான் ஒப்பிடவில்லை. இரண்டு இடத்திலும் நாம் கேட்கிற கேள்வி ஒன்றாக இருக்கிறது. "வீண் எதுவும் இல்லை" என்பது கருணை வாக்கியம்போல் ஒலிக்கிறது. வீணானதற்கு இருக்க இடமில்லை என்ற நிபந்தனை அதன் அடியில் ஒளிந்திருக்கிறது.

அந்த மாணவிக்கு: அம்மா, உன் புத்தகத்தில் இருப்பதுதான் பெரும்பாலும் சரி. ஏட்டில் காரியம் உள்ளதும் இருக்கிறது, காரியம் இல்லாததும் நிறைய இருக்கிறது. எது எதென்று ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும், மேடையிலிருந்து மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. படித்து முடித்து நீயே ஒரு நாள் சோதித்துச் சொல். அன்று தலைமை வகித்தவன் கைதட்டியது தப்பு.